ஸ்பீக்கர் பாக்ஸுக்கு முன்னால் ஒரு பட்டுச்சேலை

"அம்மாச்சி, கல்யாண மண்டபம் அடுத்த கேட்டு" என்றான் வாசலில் நின்ற பையன்.

அவனுக்கு முன்முடி மட்டும் பச்சை. பின்னால் நம் ஊர்க் கறுப்புதான். அவன் சொன்னது என் காதில் விழவில்லை. உதட்டைப் பார்த்துப் படித்துக்கொண்டேன். எனக்குக் காது பாதிக்கு மேல் போய்விட்டது. எப்படிப் போனது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அவன் மேல் தப்பில்லை. நான் மாம்பழக் கலர் பட்டுச்சேலையில் இருந்தேன். என்னோடு வந்த பாண்டியம்மா அரக்குப் பட்டு. இரண்டு பேர் தலையிலும் கனகாம்பரம். கையில் மஞ்சள் பை, பைக்குள் காராச்சேவும் தண்ணீர் பாட்டிலும். எங்களுக்குத் தெரிந்த கச்சேரி கோயில் பொங்கலுக்கும் கல்யாண வரவேற்புக்கும் நடப்பது. அதற்கு இப்படித்தான் போவோம்.

"மண்டபம் இல்லப்பா. கச்சேரிக்குத்தான் வந்திருக்கோம். ட்ரம்ஸ் அடிக்கிறது என் மக" என்றேன்.

மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மில்லில் வேலை பார்த்த பொம்பளைகளுக்கு மெதுவாகப் பேச வராது. பாண்டியம்மா என் இடுப்பில் கிள்ளினாள்.

பையன் முகம் மாறிவிட்டது. "எஸ்தர் அக்காவோட அம்மாவா?" என்று கேட்டவன், டிக்கெட்டுக்குப் பதிலான காகித வளையத்தை என் கையில் வளையல் மாட்டுகிற பதனத்தோடு மாட்டிவிட்டான். ரேஷன் கடையில்கூட எனக்கு இந்த மரியாதை கிடைத்ததில்லை.

கைலிக்கு வந்த வாழ்வு

இடம், அருப்புக்கோட்டையிலிருந்து பந்தல்குடி போகிற ரோட்டில் ஒரு கரிசல் பொட்டல். ஒரு காலத்தில் பருத்தி விளைந்த நிலம். இப்போது பிளாட் கல் நட்டிருக்கிறார்கள். அதில் மேடை போட்டு, இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் கறுப்பு ஸ்பீக்கர் பாக்ஸ்களை அடுக்கியிருந்தார்கள். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. ரோட்டில் தூத்துக்குடி லாரிகள் வேகத்தைக் குறைத்து வேடிக்கை பார்த்துப் போயின.

உள்ளே நுழைந்த பிறகுதான் எனக்கு வயதாகிவிட்டது என்பது முழுசாகப் புரிந்தது. அறுபது தாண்டியது தெரியும். முழங்கால் தினமும் சொல்கிறது. ஆனால் அங்கே நின்ற பிள்ளைகளின் உடுப்பு சொன்ன மாதிரி எதுவும் சொன்னதில்லை.

பையன்களில் பாதிப் பேர் கட்டம் போட்ட கைலியில் இருந்தார்கள். கீழே வெள்ளை வெளேரென்று ஷூ. என் வீட்டுக்காரர் ராசையாவை நான் கைலியோடு கடைத்தெருவுக்குக்கூட விட்டதில்லை. "நாலு பேரு என்ன நெனப்பாக" என்று மல்லுக்கட்டி வேட்டி மாற்ற வைப்பேன். இங்கே அதே கைலியைக் கட்டிக்கொண்டு போட்டோ எடுக்கிறார்கள்.

பெண்பிள்ளைகளைப் பார்த்துப் பாண்டியம்மா நின்றுவிட்டாள். தொளதொளவென்று ஆம்பிளைச் சட்டை போட்டிருந்தார்கள். சிலர் சேலைக்கு மேலேயே போட்டு, கையை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தார்கள்.

"ஏ ஞானம், இது நாம பருத்தி எடுக்கப் போறப்போ போட்ட கோலமுல்ல?"

அதேதான். மில்லுக்குப் போகும் முன்பு நாங்கள் இரண்டு பேரும் காட்டு வேலைக்குப் போனவர்கள். வெயிலுக்கும் செடியின் சுணைக்கும் அண்ணன் தம்பியின் பழைய சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொள்வோம். ஊருக்குள் நுழைகிறதற்கு முன்னால் கழற்றிச் சுருட்டிக் கூடைக்குள் திணித்துவிடுவோம். யாராவது பார்த்தால் மானம் போய்விடும் என்று நினைப்பு.

நாங்கள் ஒளித்த சட்டையை இந்தப் பிள்ளைகள் காசு கொடுத்து வாங்கிப் போட்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. ஒரே வருத்தம், பட்டுக் கட்டிய நாங்கள் இரண்டு பேர் மட்டும் மாறுவேடப் போட்டிக்கு வந்தவர்களாகத் தெரிந்தோம்.

மூக்கில் வளையம் போட்ட ஒரு பெண் ஓடிவந்து எங்களோடு செல்ஃபி எடுத்துக்கொண்டாள். "உங்க லுக்கு செம்ம, பாட்டி" என்றாள். பாட்டி என்கிற சொல்லை எவ்வளவு தூரத்திலிருந்தாலும் நான் உதட்டில் படித்துவிடுவேன்.

உதட்டுப் பேச்சு

காது போன கதைக்கு வருகிறேன்.

எம்.ரெட்டியபட்டியிலிருந்து மில் பஸ் ஏறி, கல்யாணத்துக்கு முந்தியிலிருந்து முழங்கால் ஒத்துழைத்த காலம்வரை ஒரு நூற்பு மில்லில் வேலை பார்த்தேன். ஸ்பின்னிங் பகுதி. வரிசையாக ஓடுகிற மெஷின்களுக்கு நடுவே நடந்துகொண்டே இருக்க வேண்டும். எங்கே இழை அறுந்தாலும் ஓடிப்போய்ச் சேர்க்க வேண்டும். உட்கார ஸ்டூல் கிடையாது.

அந்தச் சத்தத்தைக் கேட்காதவர்களுக்கு விளக்க முடியாது. பக்கத்தில் நிற்கிறவள் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதனால் வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே எல்லாரும் உதட்டால் பேசப் பழகிவிடுவோம். சத்தமே வராமல் வாயை நன்றாக அசைத்துப் பேசுவது. அந்தக் கோடியில் பாண்டியம்மா, இந்தக் கோடியில் நான். அவள் மாமியார் கதை முழுக்க எனக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தது, ஒரு சொல் விடாமல்.

உதடு தெரியாத தூரத்துக்குக் கை இருந்தது. ஆள்காட்டி விரலைத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றினால், 'ஓடுது, நான் பாத்துக்கிறேன், நீ போ' என்று அர்த்தம். பாத்ரூம் போகிறவளுக்கும் டீக்குப் போகிறவளுக்கும் அந்த விரல்தான் தைரியம். எஸ்தர் சின்னப்பிள்ளையாக இருந்தபோது பள்ளிக்கூட வேன் ஜன்னலிலிருந்து அழுவாள். நான் வாசலில் நின்று அதே விரலைத்தான் சுற்றிக் காட்டுவேன். அழுகை நின்றுவிடும்.

காதில் வைக்கப் பஞ்சு கொடுத்தார்கள். வேர்வையில் ஊறி அரிக்கும். எடுத்துப் போட்டுவிடுவோம். பிறகு ஒருநாள் வீட்டில் குக்கர் விசில் கேட்கவில்லை. அடுத்து சேவல் கூவுவது நின்றது. சேவல் என்னவோ கூவிக்கொண்டுதான் இருந்தது.

இதற்காக உட்கார்ந்து அழுகிற ஆள் நான் இல்லை. அந்த மில் சம்பளத்தில்தான் என் வீட்டு ஓடு மாறித் தளமானது. எஸ்தர் காலேஜ் முடித்தாள். என் கை சேர்த்த நூல் எந்தெந்த ஊரில் யார் யார் உடம்பில் துணியாக இருக்கிறதோ தெரியாது. இந்தக் கூட்டத்திலேயே நாலு சட்டையில் இருந்தாலும் இருக்கும்.

ஒன்றுதான் வலித்தது. எங்கள் சர்ச்சில் நான் பாடகர் குழுவில் இருந்தவள், ஆல்ட்டோ என்கிற கீழ்க்குரல். கீபோர்டு சுருதி காதில் நிற்காமல் போனதும் நானே விலகிப் பின் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டேன். காது மிஷின் வாங்கினோம். வீட்டுக்குள் பேச்சுக்குப் பரவாயில்லை. பாட்டு என்றால் அதில் அண்டா உருட்டுகிற சத்தம் வரும். என் வாழ்க்கையில் பாட்டு முடிந்தது என்று முடிவு கட்டிவிட்டேன்.

கம்பு சுற்றுகிறவள்

அதே சர்ச்சில்தான் எஸ்தர் ட்ரம்ஸில் உட்கார்ந்தாள். அடித்துக்கொண்டிருந்த பையன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது. வேறு ஆள் இல்லை. "நான் அடிக்கட்டா?" என்று போய் உட்கார்ந்தவள்தான், எழுந்திருக்கவில்லை.

ஊரில் பேச்சு வராமல் இருக்குமா? பொம்பளைப்பிள்ளை அப்படி உட்கார்ந்து அடிக்கலாமா என்று ஒரு பெரியவர் என்னிடமே கேட்டார். "மில்லுல நான் நாள் முழுக்க நிண்டேனே, அப்ப ஒரு ஆளும் வந்து 'உக்காருத்தா'ன்னு சொல்லலையே. இப்ப எம்மக உக்காந்தது மட்டும் உங்களுக்குக் கண்ணை உறுத்துதோ?" என்றேன். சர்ச் வாசல்வரை கேட்டதாம்.

பரளச்சியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல இடம். கல்யாணத்துக்குப் பிறகு இதை விட்டுவிட வேண்டும் என்றார்கள். ராசையா எதற்கும் அதிர்ந்து பேசாத மனிதர். "எம்மக அதை விடமாட்டா. நீங்க காப்பியக் குடிங்க" என்றார். அவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

பிறகு மதுரையில் வேலை, கூட்டாளிகள், ஒரு பேண்டு. பேண்டுக்குப் பெயர் 'சீமைக்கருவேல்'. கேட்டதும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஊரெல்லாம் ஜேசிபி வைத்துப் பிடுங்கிக்கொண்டிருக்கிற மரத்தின் பெயரையா வைப்பார்கள்? "எவ்வளவு பிடுங்குனாலும் திரும்ப வரும்லம்மா, அதுக்குத்தான்" என்றாள்.

வீட்டுக்கு வரும்போதெல்லாம் போனில் வீடியோ போட்டு என் காதோரம் வைப்பாள்.

"கேக்குதாம்மா?"

"கேக்கல."

"இப்போ?"

"இரைச்சலா வருதுடி. அது சரி, எதுக்கு நடுநடுவுல கம்பை விரல்ல சுத்துற? கை சுளுக்கிக்கிரும்."

"அது ஸ்டைலும்மா" என்பாள். போனை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அவள் முகத்தை நான் பார்க்காத மாதிரி வெங்காயம் உரிப்பேன்.

போன மாதம் ஒருநாள் எதிரே வந்து உட்கார்ந்து, உதடு நன்றாகத் தெரிகிற மாதிரி சொன்னாள். "நம்ம ஊர்ல மொத தடவை வாசிக்கிறோம். முடிச்சுட்டு எல்லாரும் பெங்களூருக்குப் போயிருவோம், அங்கதான் இனிமே. ஊரு கேக்குது, கேக்காமப் போகுது. நீ ஒரு தடவை கேட்டுரணும்மா."

இப்படிக் கேட்ட பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது? வாரேன் என்றேன். கேட்பேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கச்சேரியன்று ராசையாவால் வர முடியவில்லை, ஆடு குட்டி போடுகிற நேரம். "நான்தான் அவ வீட்டுக்கு வர்றப்பல்லாம் கேட்டுட்டு இருக்கேனே, தகரத்துலயும் அண்டாவுலயும் அடிக்கிறத. இன்னைக்கு உன் முறை, போ" என்று பஸ் ஏற்றிவிட்டார். அதனால்தான் பாண்டியம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

மரியாதைக்குப் போட்ட நாற்காலி

குடும்பத்தாருக்கு என்று கூட்டத்துக்குக் கடைசியில், பந்தலுக்குக் கீழே, துணி விரித்த நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பச்சை முடிப் பையன் அங்கே கொண்டுபோய் உட்கார வைத்து, ஃபேனை எங்கள் பக்கம் திருப்பிவிட்டான். ரோஸ்மில்க் வந்தது. மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

கச்சேரி தொடங்கியது. கூட்டம் குதித்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. காது மிஷினில் வழக்கமான அண்டா உருளல்தான். கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

தூரத்தில் மேடையில் எஸ்தர் தெரிந்தாள். அவளும் கைலிதான் கட்டியிருந்தாள், அப்பா கைலி. அந்த நீலக் கட்டத்தை நான் எத்தனை முறை துவைத்திருப்பேன்! கை இரண்டும் மேலே போகின்றன, கீழே வருகின்றன. சத்தத்தை அமர்த்திய டிவியைப் பார்க்கிற மாதிரி என் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பாட்டு போனது. இரண்டாவதும் போனது. கண் கலங்கியது. இன்றைக்கு விட்டால் இனி எப்போது?

பாண்டியம்மா என் தொடையைத் தட்டினாள். சத்தமில்லாமல் உதட்டை அசைத்தாள். 'கேக்குதா?'

'இல்ல.'

'அப்ப இங்க ஒக்காந்து என்ன செய்யிற? மெஷின்கிட்டப் போனாத்தானே சத்தம்?'

அவள் கை என் கையைப் பிடித்து இழுத்தது. நான் பையை நாற்காலியில் போட்டேன். சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டேன்.

பஞ்சு வேண்டாம்

குதிக்கிற கூட்டத்துக்குள் இரண்டு பட்டுச்சேலைகள் நுழைந்தால் என்ன நடக்கும்? எங்களுக்கு மயக்கம் வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். "வழி விடுங்கடா, வழி விடுங்கடா" என்று நாலு கைலிப் பையன்கள் எங்களை அணைத்து வெளியே கூட்டிப்போகப் பார்த்தார்கள். நான் எதிர்ப்பக்கம் கை காட்டினேன், பாக்ஸ் பக்கம். நம்பாமல் பார்த்தார்கள். மறுபடியும் காட்டினேன். அப்புறம் அந்தப் பிள்ளைகள் போட்டுக் கொடுத்த பாதை இருக்கிறதே, தேருக்குக்கூட அப்படி விடமாட்டார்கள்.

பாக்ஸுக்கு நேர் முன்னால் போய் நின்றோம். செல்ஃபி எடுத்த அதே மூக்கு வளையப் பெண் அங்கே இருந்தாள். காதிலிருந்து மஞ்சள் நிறத்தில் எதையோ கழற்றிக் காட்டி, அதேபோல் புதிதாக ஒரு ஜோடியை என்னிடம் நீட்டினாள். பஞ்சுதான், நவீனப் பஞ்சு.

"வச்சுக்கோங்க பாட்டி, காது போயிரும்!"

"அது போயி ரொம்ப வருசமாச்சு, தாயி!" என்றேன். நானும் பாண்டியம்மாவும் சிரித்த சிரிப்பில் அந்தப் பெண்ணும் என்னவென்று தெரியாமல் சிரித்தாள்.

செருப்பைக் கழற்றினேன். மில்லில் வெறுங்காலோடு நின்றுதான் பழக்கம். எந்த மெஷின் சரியாக ஓடுகிறது, எது மக்கர் பண்ணப்போகிறது என்பதை உள்ளங்கால்தான் முதலில் சொல்லும்.

வெடித்துக் கிடந்த கரிசலில் காலை வைத்தேன். வந்தது.

முதலில் உள்ளங்காலில். தொம், தொம் என்று பெரிய ட்ரம், எஸ்தரின் வலது கால் மிதிக்கிறது. பிறகு வலிக்கிற முழங்காலில் ஏறியது. நெஞ்சுக்கூட்டுக்குள் வந்து தாலிச்செயினை ஆட்டியது. அதன் பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், காதுக்கே வந்தது. செத்துப்போன காது என்று நான் கணக்கு முடித்த அந்தக் காதுக்கு. டப்பென்ற அடி தனியாக, உருட்டி வருவது தனியாக. பித்தளைத் தட்டுகள் மட்டும் கேட்கவில்லை, அவை மினுங்குவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டேன். அது போதும்.

எவ்வளவு நிதானம் அந்தக் கையில்! பாடுகிற பையன் அங்கும் இங்கும் ஓடுகிறான், கிடார்க்காரன் தலையைச் சிலுப்புகிறான். அவர்களை எல்லாம் இழை அறுந்துபோகாமல் கட்டி இழுத்துக்கொண்டு போகிறவள் பின்னால் உட்கார்ந்திருக்கிற என் மகள். பெற்ற வயிறு குளிர்வது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பாண்டியம்மா என் தோளைத் திருப்பினாள். அவளுக்கும் கண்ணில் நீர். என் அளவுக்கு அவளுக்குக் காது போகவில்லை. ஆனாலும் அந்த இரைச்சலில் நாங்கள் உதட்டாலேயே பேசிக்கொண்டோம். 'உன்னைய மாதிரியே நிதானம்' என்றாள். 'போடி' என்றேன். பக்கத்தில் ஒரு ஜோடி ஒருவர் காதில் ஒருவர் கத்தியும் புரியாமல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கூட்டத்திலேயே ஒழுங்காகப் பேசிக்கொண்டது நாங்கள் இரண்டு கிழவிகள்தான்.

அத்தனை வாயிலும்

எனக்குக் கேட்டுவிட்டதை எஸ்தரிடம் உடனே சொல்ல வேண்டும்போல் இருந்தது. கச்சேரி முடியட்டும் என்று பொறுக்க முடியவில்லை. மேடையைப் பார்த்துக் கத்தினேன். இத்தனை சத்தத்தில் யார் காதில் விழப்போகிறது என்கிற தைரியம்தான்.

"ஏ எஸ்தரு! கேக்குதுடீ!"

பாட்டின் நடுவில் எல்லாரும் சட்டென்று நிறுத்தி, மூச்சுவிட்டு, மறுபடியும் தொடங்குகிற இடம் ஒன்று இருக்கிறதாம். எனக்கு எப்படித் தெரியும்? சரியாக அந்த இடத்தில் என் மில் தொண்டை வெளியே வந்துவிட்டது. தொம் என்ற அதிர்வு உள்ளங்காலில் நின்றுபோனதும்தான் விஷயம் புரிந்தது. ரோட்டில் போன லாரிக்காரர்வரைக்கும் கேட்டதாகப் பிறகு பாண்டியம்மா சொன்னாள்.

எல்லாத் தலையும் திரும்பியது. பாடுகிற பையன் மைக்கைக் கீழே இறக்கிவிட்டான். பட்டுச்சேலையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். பெற்ற பிள்ளையின் கச்சேரியைக் கெடுத்துவிட்டேனே என்று உடம்பெல்லாம் கூசியது.

பாண்டியம்மா என் கையை விலக்கினாள். 'பாரு.'

பார்த்தேன். கைலிப் பையன்களும், சட்டைப் பெண்களும், மூக்கு வளையமும், பச்சை முடியும் கையை உயர்த்தி ஒரே தாளத்தில் எதையோ கத்திக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு பேர் கத்தியும் எனக்குக் கேட்கவில்லை. வாய்களைப் படித்தேன். ஒன்றை, இன்னொன்றை, அதற்குப் பின்னால் இருந்ததை. அத்தனை வாயிலும் என் சொல்தான்.

கேக்குதுடீ. கேக்குதுடீ. கேக்குதுடீ.

அவர்களுக்கு அது புதுமாதிரி உற்சாகக் கூச்சல். அதன் அர்த்தம் தெரிந்தவள் மேடையில் ஒருத்திதான். அவள் ஸ்டூலைவிட்டு எழுந்து நின்றுவிட்டாள். கண்ணைச் சுருக்கிக் கூட்டத்தில் தேடினாள். மாம்பழக் கலர் பட்டு அங்கே ஒன்றுதானே இருந்தது. கண்டுபிடித்துவிட்டாள்.

பக்கத்தில் மைக் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. வாயை நன்றாக அசைத்து, சத்தமில்லாமல் கேட்டாள்.

'நெசமாவாம்மா?'

தலையை ஆட்டினால் அந்தத் தூரத்துக்குத் தெரியாது. நான் கையைத் தலைக்கு மேல் தூக்கினேன். ஆள்காட்டி விரலைச் சுற்றினேன். ஓடுது, நான் பாத்துக்கிறேன், நீ போ.

எஸ்தர் அப்பா கைலியின் நுனியால் முகத்தை ஒரு துடை துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வலது கையை மேலே தூக்கினாள். கம்பை விரலில் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

பிறகு அடித்தாள். கேட்டது.